இரண்டாம் ஓலைக்கு வந்த தடை

எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால், அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைத்த பிறகுதான் ஓய்வார். ரஷ்யாவில் அணு உலை வெடித்த வருஷம் சங்கரன்கோவிலில் எங்கள் பெரியப்பா செய்ததும் அதுதான். அதை நினைத்தால் ஒரு காலத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. இப்போது அலுப்புதான் வருகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் தங்கையான அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அத்தை ஆரம்பப் பள்ளி டீச்சர். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக் கொடுத்தே அவளுக்குக் கை சலித்துப் போயிருந்தது. ஒரு வீட்டாருக்கு நிறம் போதவில்லை. இன்னொரு வீட்டாருக்கு உயரம் அதிகம். வேறொருவருக்கு, பள்ளிக்கூடத்தில் அதட்டிப் பழகிய பெண் புருஷனையும் அதட்டுவாளோ என்று பயம். கடைசியில் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். மெட்ராஸுக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அணுமின் நிலையத்தில் அவருக்கு வேலை. வந்த அன்று காபியை முழுக்கக் குடித்துவிட்டு, காலி டம்ளரை அவரே உள்ளே கொண்டுபோய் வைக்க எழுந்தார். பெரியம்மா பதறிப்போய் வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு காரியத்துக்காகவே அத்தைக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவருக்கு 'அட்டாமிக் மாப்பிள்ளை' என்று பேர் வைத்தது பெரியப்பாதான். அவர் நூல் கடை வைத்திருந்தார். தறிக்காரர்கள் யார் கடைக்கு வந்தாலும், நூல் எடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

"எங்க மாப்ள அட்டாமிக்ல இருக்காரு, தெரியும்லா? அவரு சுவிட்சப் போட்டாத்தான் மெட்ராஸ்ல லைட்டே எரியும்."

மாப்பிள்ளை அங்கே ஸ்டோரில் கிளார்க். கேட்டவர்களுக்குப் பல்பும் போல்ட்டும் துடைப்பமும் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. இதை அவரே நிச்சயத்தன்று தெளிவாகச் சொல்லியிருந்தார். பெரியப்பா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கோடை விடுமுறையில் அந்தச் செய்தி வந்தது. ரேடியோவில் இரண்டு வரி சொன்னார்கள். பேப்பரில் கொஞ்சம் கூடப் போட்டார்கள். மீதியை ஊர் போட்டுக்கொண்டது. செர்னோபில் என்ற பேர் எங்கள் ஊர் வாயில் நுழையவில்லை. 'ரஷ்யா' என்றாலே போதும், எல்லோருக்கும் புரிந்தது. வெடித்த புகை பம்பாய் வரை வந்துவிட்டதாகப் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாளில் அது ராஜபாளையம் வரை வந்துவிட்டது. கோடை மழை நாலு தூறல் போட்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். பூச்சந்தையில் மல்லிகை அரும்பு சிறுத்துப் போனதற்கு ரஷ்யா காரணம். தறியில் நூல் அறுந்தால் அதற்கும் ரஷ்யா. கடையநல்லூரில் ஒரு வீட்டில், கல்ஃபிலிருந்து மகன் ஆசையாகக் கொண்டுவந்த பால் மாவு டின்னைக் கண்டு, வெளிநாட்டுப் பாலில் அந்தப் புகை இறங்கியிருக்கும் என்று பயந்து, அதை எங்கே போடுவது என்றும் தெரியாமல், குளத்தில் எறியப்போய்த் தெருவே சண்டைக்கு வந்ததாம்.

ஊரிலிருந்த இந்துக்கள் பெரிய கோயிலின் புற்றுமண்ணை எடுத்து நெற்றியிலும் கையிலும் பூசிக்கொண்டார்கள். எந்தத் தோல் நோய்க்கும் எங்கள் ஊரில் அதுதான் மருந்து. நாங்கள் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் என்பதால் பெரியப்பா அதை ஏளனம் செய்தார். பெரியம்மா ஏளனம் எதுவும் செய்யவில்லை. பக்கத்து வீட்டில் கொஞ்சம் வாங்கிவந்து அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

இந்தப் பேச்செல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் சர்ச்சில் அத்தையின் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஜனத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப் போகிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் எல்லோருக்கும் முன்னால் கேட்பார். ஒருவனுக்கு வேறு ஊரில் பெண்டாட்டி இருந்தால் தெரியட்டும் என்பதற்காக ஏற்பட்ட முறை அது. கேட்டுவிட்டுப் போதகர் ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்தது காணிக்கைப் பாட்டு. எனக்குத் தெரிந்து எந்த ஓலைக்கும் யாரும் வாய் திறந்ததில்லை.

முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் பக்கம் அத்தையை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன். அத்தை புதுச் சேலை கட்டியிருந்தாள். போதகர் இரண்டாம் ஓலையை வாசித்தார், தடையைக் கேட்டார், வழக்கம்போல் நிறுத்தினார். ஆண்கள் பக்கம் முன் வரிசையிலிருந்து பெரியப்பா எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு தடை உண்டு."

போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு அண்ணன்லா நீங்க?"

"அண்ணங்கிறதுனாலதான்யா சொல்லுதேன்."

"மாப்பிள்ளைக்கு வேற குடும்பம் ஏதும் இருக்கா?"

"சேச்சே. தங்கமான பையன்யா."

"பின்ன என்ன?"

"ரஷ்யாவுல வெடிச்சிருக்குய்யா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அட்டாமிக்கில் வேலை பார்ப்பவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று ஊரெல்லாம் சொல்கிறது, பிறந்தாலும் கை கால் சரியாக இருக்காதாம், தெரிந்தே தாய் தகப்பன் இல்லாத தங்கையைப் பிடித்துக் கொடுக்க மனசு வரவில்லை என்றார். சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அது நடிப்பில்லை. அத்தையைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவள்மேல் அவருக்கு உயிர். அந்த உயிரை வைத்துக்கொண்டுதான் அவள் மானத்தை அத்தனை பேருக்கு முன்னால் வாங்கினார்.

போதகருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தடை என்று ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால் அதை விசாரிக்காமல் தள்ளிவிட முறையில்லை. விசாரிப்பதென்றால் ரஷ்யாவுக்கா போக முடியும்? போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார் வேறு, வானத்திலிருந்து நட்சத்திரம் விழுந்து தண்ணீர் கசந்து போகும் என்று வேதத்தின் கடைசியில் இருப்பதை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். சர்ச் கமிட்டி கூடிப் பேசும் வரை மூன்றாம் ஓலையை நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போதகர் காணிக்கைப் பாட்டை ஆரம்பித்தார். அத்தை எல்லோரோடும் சேர்ந்து பாடினாள். எந்த வரியையும் விடவில்லை. 

ஆண்கள் பக்கம் அப்பாவும் இருந்தார். அவர் உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். அணு என்றால் என்ன என்று போர்டில் படம் போட்டு விளக்குகிறவர். ரஷ்யாவில் வெடித்ததற்கும், எங்கேயோ கடலோரத்தில் துடைப்பம் எடுத்துக் கொடுக்கிறவருக்குப் பிள்ளை பிறப்பதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலைகூட மாற்றாமல் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுக்கீகளே ஊரான் பிள்ளைகளுக்கு. அங்கன எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அண்ணன் நின்னு பேசும்போது நான் எப்படிட்டி எந்திரிக்க?"

"சரிதான். ஒங்க அண்ணன் எந்திரிச்சாரு. ஒங்க தங்கச்சி இனிமே வீட்டோட உக்காரட்டும்."

 அன்று மத்தியானம் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

செய்தி மேலநீலிதநல்லூருக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கோபப்பட்டதில் தப்பில்லை. மாப்பிள்ளைக்குக் கீழே ஒரு தங்கை கல்யாணத்துக்கு இருந்தாள். அண்ணனைப் பற்றி இப்படி சர்ச்சில் பேச்சு வந்தால் அவளை யார் கேட்டு வருவார்கள்? இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை மட்டும் லீவு போட்டுவிட்டு ஒருநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்ன கேட்க வேண்டுமோ என்னிடமே கேளுங்கள் என்றார்.

அவரை உள்ளே கூப்பிடவில்லை. உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியைத் தனியாகப் போட்டார்கள். பெரியப்பாவும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் நாலு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். தலைமுடி கொட்டுகிறதா, ராத்திரி உடம்பு மினுங்குமா, சோறு அங்கேயே சாப்பிடுவீர்களா வெளியிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"மச்சான், நான் இருக்கது ஸ்டோர்ல. ரியாக்டர் இருக்க கட்டடத்துக்குள்ள நான் காலே வச்சதில்ல. அதுக்குள்ள வேலை பாக்கவங்களுக்கே நிறைய பிள்ளைங்க இருக்கு. எங்க காலனி ஸ்கூல்ல பெஞ்சு பத்தல."

"அதெல்லாம் வெடிக்கதுக்கு முன்னால பெறந்ததா இருக்கும்" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

 மாப்பிள்ளை வழியெல்லாம் இந்தக் கேள்விகளுக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெரியம்மா கொண்டுவந்து வைத்த காபியை அவர் குடித்து முடித்தார். அந்த டம்ளரைப் பெரியம்மா சேலைத் தலைப்பால் பிடித்து எடுத்துக் கிணற்றுக்குப் பின்னால் எறிந்தாள். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுக்களை ஜன்னலில் நின்றிருந்த அத்தைக்கும் கேட்டது.

அப்போதுதான் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். விடுமுறையில் பள்ளிக்கூட லேப் சாவி அவரிடம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதற்குள் விரல் நீளத்துக்கு நீலத் தாள்கள்.

"அண்ணே, பேசிப் பிரயோஜனம் இல்ல. சோதிச்சுப் பாத்துருவோம். இது சயின்ஸ் தாள். விஷம் இருந்தா செவக்கும். ஒண்ணும் இல்லன்னா நீலமாவே இருக்கும்."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சை நம்பாதவர் தாளை நம்பினார். அப்பா ஒரு தட்டில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளை அப்பாவை ஏறிட்டுப் பார்த்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என்ன நினைத்தாரோ, சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு கைகளையும் தண்ணீரில் நனைத்தார். அப்பா தாளை முக்கி எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். நீலம்.

"இன்னொரு மட்டம் பாருலே" என்றார் பெரியப்பா. மறுபடியும் நீலம்.

கமிட்டிக்காரர் ஒருவர் தன் கையையும் பார்க்கச் சொன்னார். பிறகு பெரியப்பா பார்த்துக்கொண்டார். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் முற்றத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கி வந்தாள். பூக்கட்டுகிற அக்கா ஒரு கை மல்லிகையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். டப்பா காலியாகும் வரை அப்பா முக்கி முக்கி எடுத்தார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மாப்பிள்ளை மட்டும் ஈரக் கையோடு அதே நாற்காலியில் இருந்தார். யாரும் துடைக்கத் துண்டு கொடுக்கவில்லை.

நான் அடுக்களைக்கு ஓடிப்போய், தாள் நீலமாகவே இருக்கிறது, கல்யாணம் உண்டு என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"மனுஷன் வாயில இருக்க வெசத்தக் கண்டுபிடிக்கதுக்குத் தாள் இருக்கான்னு ஒங்கப்பாட்ட கேளுட்டி" என்றாள். பிறகு கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து என்னிடம் கொடுத்து, கொண்டுபோய் அவரிடம் கொடுக்கச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். போதகர் தடையைக் கேட்டு நிறுத்தியபோது சர்ச்சே திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தது. அவர் முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கல்யாணத்தன்று பந்தியில் வரிசை வரிசையாகப் போய் உபசரித்தவரும் அவர்தான். மகனின் பிடிவாதத்துக்காக வந்த மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அத்தை கடலோரத்துக் காலனி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அணுமின் நிலையத்து மாப்பிள்ளை எனக்கு மாமா ஆனார்.

ஏழாம் வகுப்பில் அமிலம், காரம் பாடம் வந்தபோதுதான் எனக்கு அப்பாவின் வேலை புரிந்தது. அது லிட்மஸ் தாள். புளித்தண்ணீரில் முக்கினால் சிவக்கும். எங்கள் ஊர் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் நீலத் தாளை முக்கினால், யார் கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது நீலம்தான். அணுவுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. எனக்கு ஒரே பெருமை. உண்மையைச் சொல்லித் தீர்க்க முடியாத பொய்யை அப்பா இன்னொரு பொய்யால் தீர்த்துவிட்டார் என்று நினைத்தேன். தீர்ந்துவிட்டதென்றே நினைத்தேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். கல்யாணமாகி மூன்று வருஷம் தாண்டியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மத்தியானம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை பரிமாறினாள். பெரியப்பா எலும்பைக் கடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"அன்னைக்கே நான் சர்ச்சுல எந்திரிச்சு நின்னு சொன்னேன்லா? ஒரு பய கேக்கலியே."

அப்பா கையை உதறிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"ஆமா மச்சான். நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி. அங்கன வேலை பாத்த பாவம், எனக்குத்தான் கோளாறு. இவ என்ன செய்வா?"

நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.  பெரியப்பாவுக்குமே ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. "வே மாப்ள, நான் அப்படிச் சொல்லல" என்று இழுத்தார். பெரியம்மா அத்தையின் கையைப் பிடித்து, "ஒன் தலையெழுத்துட்டி" என்று அழுதாள். அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் தெருவுக்குப் போய்விட்டது.

எனக்கு மாமாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வேப்பமரத்தடியில் அத்தனை பேருக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன மனுஷன், ரியாக்டர் பக்கமே போகாத மனுஷன், இப்படி ஒத்துக்கொண்டாரே என்று இருந்தது. ஊர் சொல்லிச் சொல்லி அவரும் நம்ப ஆரம்பித்துவிட்டார், படித்தவர்களும் கடைசியில் இப்படித்தான் ஆகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இன்னொன்றையும் நான் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் பிள்ளையில்லாத அக்கா ஒருத்தி இருந்தாள். ஞானஸ்நான வீடுகளுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் குழந்தையை அவள் கையில் கொடுக்க மாட்டார்கள். அவள் புருஷனுக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லி அவள் காதில் விழும்படியே பேசுவார்கள். அத்தையை யாரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. ஊருக்கு வந்தால், 'பாவம், இவ என்ன செய்வா' என்று பிள்ளைகளைக் கொண்டுவந்து முதலில் அவள் மடியில்தான் வைப்பார்கள். மாமாவின் அம்மாகூட, மகனைத்தான் நொந்துகொண்டாரே தவிர மருமகளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமா ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

பல வருஷம் கழித்து மாமா இறந்து, அடக்கமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு ஒருநாள் நானும் அத்தையும் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். நான் அந்தக் கிறிஸ்துமஸைப் பற்றிக் கேட்டேன். மாமா ஏன் அப்படி ஒத்துக்கொண்டார், அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றேன். அத்தை மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"கோளாறு எனக்குத்தான் மக்கா. ரெண்டாவது வருஷமே டாக்டரம்மா சொல்லிட்டாங்க, அவுகளுக்கு ஒரு குறையும் இல்லன்னு. ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கோம். நான் அழுதுட்டே நிக்கேன். அவுக சொன்னாவ, ஒங்க அண்ணன்தான் ஏற்கனவே ஊரு பூரா சொல்லி வச்சிருக்காரே, அது அப்படியே இருந்துட்டுப் போட்டும்னு."

சட்டையை மற்றவற்றின்மேல் வைத்தாள்.

"சாவுற வரைக்கும் அவுக அத மாத்திச் சொல்லல. அவுகளப் பாத்து ஊரு சிரிக்கும்போது நானும் பக்கத்துலதான் நின்னேன். நானும் ஒருநாள்கூட மாத்திச் சொல்லல."